வாங்கிய கார் யாருக்குச் சொந்தம்?

தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியத்நாம் நாட்டின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமைத்த மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதிக்குச் சற்று வடக்கே இருக்கிறது அந்த ஆலை. தென்மாவட்டங்களுக்குப் பெரிய தொழிற்சாலைகள் வராதா என்று ஏங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகவே, அந்தச் செய்தி எனக்கு மகிழ்ச்சியே அளித்தது. இன்று நெல்லைச் சாலைகளில் ஓடும் புதிய கார்களில் அகலமான தொடுதிரை உண்டு. வழிகாட்டும் குரல் உண்டு. தடம் மாறினால் எச்சரிக்கும் கருவி உண்டு. நிறுவனத்தின் கணினியுடன் இடைவிடாத இணையத் தொடர்பும் உண்டு.

இதே சாலைகளில் நான் ஓட்டுவது 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவுகள், நான்கு இருக்கைகள், 948 சிசி பெட்ரோல் என்ஜின். திரை இல்லை, குரல் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. "இந்தக் காலத்தில் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களிடம், பழைய பொருள்கள் மீதான பற்று என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால், பொருளாதாரத்தைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதில் வேறொரு கேள்வி எனக்குத் தென்படுகிறது. ஒரு காரை விலை கொடுத்து வாங்கும்போது உண்மையில் நாம் எதை வாங்குகிறோம்? இந்தக் கேள்விக்கு 1966-இல் கிடைத்த விடை வேறு. இன்று கிடைக்கும் விடை வேறு.

சென்னையில் உருவான கார்

இன்றைய இளைஞர்களுக்கு ஹெரால்டு என்ற பெயர் புதிதாக இருக்கலாம். அம்பாசிடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஃபியட்டைத் தயாரித்த பிரீமியர் ஆகியவற்றுடன், உரிமம் பெற்ற கார் நிறுவனங்களில் மூன்றாவதாக இருந்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1948-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் ஆலை வண்டலூர் பகுதியில் இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகிய கார்களைத் தொடர்ந்து 1961-இல் ஹெரால்டு வெளிவந்தது.

இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி அதன் தோற்றத்தை வரைந்தார். முழு உடலையும் ஒரே அமைப்பாகச் செய்து கொடுக்க ஆலை கிடைக்காததால், உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றை அமைத்து, அதன் மீது உடலைத் தனித்தனிப் பகுதிகளாகப் போல்ட் போட்டு இணைத்தார்கள். அன்று நெருக்கடிக்குத் தீர்வாக வந்த இந்த ஏற்பாடுதான் இன்றுவரை பழுதுபார்ப்பவர்களுக்கு வரமாக இருக்கிறது.

இந்தச் சட்டத்தைக் குறுக்கித்தான் டிரையம்ப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த அந்த நாள்களில், அசலான ஸ்போர்ட்ஸ் கார் என்பது இந்தியாவில் மிகச் சிலருக்கே எட்டியது. அதன் நெருங்கிய உறவினராகச் சாதாரணக் குடும்பங்களை எட்டியது ஹெரால்டு. நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஈடுகொடுக்கும் அமைப்பு அதில் இருந்தது; சுமார் ஏழரை மீட்டர் விட்டத்துக்குள் திரும்பிவிடும். நெல்லை டவுன் ரத வீதிகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருப்பத்தின் அருமை தெரியும்.

1990-களின் இறுதியில், ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடமிருந்து என் காரை வாங்கினேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் செல்லும் சாலையில்தான் அதைப் பெரும்பாலும் ஓட்டுகிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே அது வேகமாகச் செல்வது போன்ற உணர்வைத் தரும். ஸ்டியரிங் வழியாகச் சாலையின் தன்மை கைக்கு வந்து சேரும். என்ஜினின் ஒலி மாறினால் ஏதோ சரியில்லை என்று காதுக்குத் தெரியும். ஓட்டுபவர் கவனமாக இருந்தாக வேண்டும். அந்தக் கவனமே இந்தக் காரின் இன்பமும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை

பழைய காரைப் போற்றுபவர்கள் பெரும்பாலும் அதன் குறைகளைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டில் காற்றுப்பை இல்லை. திடீரென்று பிரேக்கை மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. முன் சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது, இதன் பின் சக்கரம் உட்புறமாக மடங்கி, சாலைப் பிடிப்பை இழக்கும் வாய்ப்பு உண்டு. 1965-இல் அமெரிக்க வழக்குரைஞர் ரால்ஃப் நேடர் எழுதிய, கார் பாதுகாப்பு குறித்த புகழ்பெற்ற நூலில் செவ்ரோலெட் கோர்வேர் காருக்கு எதிராக அடுக்கிய குற்றச்சாட்டுகளில் இத்தகைய பின்சக்கர அமைப்பும் ஒன்று. எனவே பாபநாசம் மலையடிவார வளைவுகளில் நான் நிதானமாகத்தான் செல்கிறேன்.

புகையும் அப்படித்தான். ஈயம் கலந்த பெட்ரோல் புழக்கத்தில் இருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட என்ஜின் இது. 2000-இல் அந்தப் பெட்ரோல் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. அது பொதுநலனுக்கு உகந்த நடவடிக்கை. ஒரு கிலோமீட்டருக்கு ஹெரால்டு கக்கும் நச்சுப் புகை, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்கு உட்பட்ட புதிய கார் வெளியிடுவதைவிடப் பல மடங்கு அதிகம். மாதத்தில் ஓரிரு முறை மட்டுமே ஓடுவதால்தான் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிகிறது. நாட்டில் எல்லோரும் இப்படிப்பட்ட காரையே ஓட்ட வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அவரை எதிர்ப்பவர்களில் முதல் ஆளாக நான் இருப்பேன்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இப்படிப்பட்ட நாட்டில் 2019-இல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டதும், 2022 முதல் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமானதும், 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' மோதல் சோதனைத் திட்டம் தொடங்கியதும் உயிர்காக்கும் நடவடிக்கைகள். பாதுகாப்புக் கருவிகள் பெருகினால் ஓட்டுநர் அலட்சியமாகிவிடுவார் என்று சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் வாதிட்டார். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தாலும், கருவிகளால் விளையும் நன்மை முழுவதையும் அந்த அலட்சியம் அழித்துவிடுவதில்லை என்பதே பின்னர் வந்த பல ஆய்வுகளின் முடிவு. மருத்துவத்துக்காக மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல நேர்ந்தால் நானும் என் மனைவியும் மகளின் புதிய காரில்தான் செல்கிறோம்.

ஆகவே, புதிய தொழில்நுட்பம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. பாதுகாப்பு என்ற ஒரே பொட்டலத்துக்குள் வேறு எவையெல்லாம் வைத்துக் கட்டப்பட்டு நமக்கு விற்கப்படுகின்றன என்பதே என் கேள்வி.

உரிமையாளர் என்பவர் யார்?

உரிமை என்றால் என்ன என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு தெளிவான விளக்கம் உண்டு. சான்ஃபோர்டு கிராஸ்மன், ஆலிவர் ஹார்ட் ஆகிய இருவரும் 1986-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அதை முன்வைத்தனர். ஹார்ட் 2016-இல் நோபல் பரிசு பெற்றார். எந்த ஒப்பந்தத்திலும் எதிர்காலத்தில் நேரக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. அப்படி எழுதாமல் விடுபட்டவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் எஞ்சி நிற்கிறதோ, அவரே அந்தப் பொருளின் உரிமையாளர். இதுவே அவர்கள் கூறியதன் சாரம்.

ஹெரால்டை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அதன் என்ஜினை யாரிடம் பிரித்துக் காட்டுவது, எந்த உதிரிபாகத்தைப் போடுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, எப்போது விற்பது என எல்லாமே சட்டத்துக்கு உட்பட்டு என் முடிவு. நான் எங்கே சென்றேன் என்பது எனக்கும் உடன் வந்தவருக்கும் மட்டுமே தெரியும். காரைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதில் எந்த அதிகாரமும் எஞ்சவில்லை.

எஞ்சவில்லை என்பது மட்டுமல்ல. அந்த நிறுவனமே இன்று இல்லை. ஹெரால்டுக்குப் பின் கெசல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று முயன்று பார்த்து, 1988-இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், அதை ஓடவைக்கும் அறிவு நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கவில்லை. முன்பகுதி முழுவதையும் தூக்கி முன்னே சாய்த்தால் என்ஜின், ஸ்டியரிங், முன் சக்கர அமைப்பு எல்லாம் கண் முன்னே தெரியும். கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கிறதா, பாயிண்ட் தேய்ந்திருக்கிறதா, பிளக் கரிபிடித்திருக்கிறதா என்று பார்த்தாலே புரியும். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் தாளில் வெட்டிக்கொள்ளலாம். புஷ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

டிவிஎஸ் குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடி நம் மாவட்டத்து ஊர். பேருந்தில் தொடங்கி உதிரிபாகத் தொழிலில் பெருவளர்ச்சி கண்டது அந்தக் குழுமம். அத்தகைய நிறுவனங்கள் ஒருபுறமும் சிறு நகரங்களின் மெக்கானிக்குகள் மறுபுறமும் நின்று வளர்த்த அறிவுதான், முதலாளி இல்லாத காரையும் சாலையில் நிறுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒன்று அண்மையில் நடந்தது. ஓஷன் என்ற நவீன மின்சாரக் காரைத் தயாரித்த ஃபிஸ்கர் நிறுவனம் 2024 ஜூன் மாதம் திவால் மனு தாக்கல் செய்தது. காரை வாங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் திகைத்து நின்றனர். கார்கள் புதியவை, இரும்பிலும் மின்கலத்திலும் உயிர் இருந்தது. ஆனால், மென்பொருளைப் புதுப்பிப்பது யார், பிழைகளைத் திருத்துவது யார், நிறுவனத்தின் கணினியுடன் பேசியே இயங்கும் வசதிகளைத் தொடர்வது யார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. உரிமையாளர்களே சங்கம் அமைத்துத் தீர்வு தேட வேண்டியதாயிற்று. 1988-இல் மறைந்த நிறுவனத்தின் கார் ஓடுகிறது. 2024-இல் மறைந்த நிறுவனத்தின் கார் தடுமாறுகிறது. நல்ல தொழில்நுட்பம், மோசமான தொழில்நுட்பம் என்று இதைப் பிரிக்க முடியாது. எஞ்சிய அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே இங்கு வேறுபாடு.

வாங்கிய பின்னும் வாடகை

நிறுவனம் நன்றாக நடக்கும்போதும் இந்த வேறுபாடு வேலை செய்கிறது. 2022-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கையைச் சூடேற்றும் வசதியைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு எழுந்ததால் 2023-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதே 2022-இல் மெர்சிடிஸ் பென்ஸ், தன் மின்சாரக் கார்கள் சிலவற்றின் முடுக்கத்தைக் கூட்டித் தர அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டாலர் கட்டணம் அறிவித்தது. கூடுதல் திறன் மோட்டாரில் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருள் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் பூட்டு திறக்கும்.

விலைப் பாகுபாடு பொருளாதாரத்துக்குப் புதிதல்ல. ஒரே ரயிலில் பல வகுப்புகள் இருப்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் ரயில் பெட்டியை நாம் விலைக்கு வாங்குவதில்லை. முழு விலையையும் செலுத்தி வீட்டு வாசலில் நிறுத்திய பொருளின் ஒரு பகுதிக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது, வாங்குதல் என்ற சொல்லின் பொருளையே மாற்றுகிறது.

தகவல் இன்னொரு பக்கம். அமெரிக்காவின் மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூட அதன் அளவுகோலில் தேறவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பயணித்தவர்கள் எத்தனை முறை திடீரென்று பிரேக் போட்டனர், எவ்வளவு வேகமாகச் சென்றனர் என்ற விவரங்கள் தரவு வணிக நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களை எட்டியதை 2024-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. இத்தகைய விவரங்களைக் கடன், காப்பீட்டு மதிப்பீட்டு முகமைகளுக்கு ஐந்தாண்டுகள் அந்த நிறுவனம் தரக் கூடாது என்று தடை விதிக்கும் நடவடிக்கையை அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் எடுத்தது.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு சந்தையையே சீர்குலைக்கும் என்று அவர் காட்டினார். பல்லாண்டுகள் வகுப்பறையில் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இன்று அந்த ஏற்றத்தாழ்வு விற்பனை நாளோடு முடிவதில்லை. காரைப் பற்றியும் அதை ஓட்டுபவரைப் பற்றியும் உரிமையாளரைவிட நிறுவனத்துக்கு அதிகம் தெரியும். ஒவ்வொரு நாளும் அது கூடிக்கொண்டே போகிறது.

திரைகளின் கதையும் இதை ஒட்டியதே. சுவீடனின் 'வி பில்ஏகாரே' என்ற வாகன இதழ் 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வானொலியை மாற்றுவது, குளிர்சாதன அளவைக் கூட்டுவது போன்ற நான்கு எளிய பணிகளை ஓட்டுநர் செய்து முடிக்க வேண்டும். பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ காரில் அதற்குப் பத்து விநாடிகள் போதும். அதற்குள் கார் 306 மீட்டர் சென்றிருந்தது. தொடுதிரை கொண்ட புதிய கார்களில் மிக மோசமான ஒன்றில் 44 விநாடிகளுக்கு மேல் ஆயிற்று. கார் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சென்றுவிட்டது. ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' அமைப்பு 2026 முதல், ஹார்ன், துடைப்பான், திசைகாட்டி விளக்கு, அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் கட்டுப்பாடுகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லியிருக்கிறது. பல பொத்தான்களைத் தனித்தனியே செய்து பொருத்துவதைவிட ஒரே திரை உற்பத்தியாளருக்குச் சிக்கனம். நவீனம் என்ற பெயரில் நமக்கு வருவனவற்றில் சில, அவருடைய செலவுக் குறைப்பு மட்டுமே.

நெல்லைக்கு இதில் என்ன?

மேலைநாட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்று எண்ணலாம். பழுதுபார்க்கும் உரிமை நகரத்தின் அளவைப் பொறுத்து வலிக்கும் பிரச்னை. சென்னையில் ஒரு நிறுவனத்துக்குப் பல அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் இருக்கும். அம்பாசமுத்திரத்தில் இருப்பவருக்கு அக்கம்பக்கத்து ஒர்க்ஷாப்தான் கதி. என் உறவினர் ஒருவரின் புதிய கார் அங்கே திடீரென்று நின்றது. பழுது ஒரு சிறிய சென்சாரில்தான். அதை மாற்ற உள்ளூர் மெக்கானிக்குக்குத் தெரியும். மாற்றிய பின் காரின் கணினி அதை ஏற்றுக்கொள்ளச் செய்யும் குறியீடு மட்டும் அவரிடம் இல்லை. கார் லாரியில் ஏறி மதுரை சென்று, ஒன்பது நாள்கள் கழித்துத் திரும்பியது.

பாளையங்கோட்டையில் என் ஹெரால்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கு எழுபது வயது. அண்ணாச்சி என்றுதான் அவரை அழைப்பேன். "வண்டி என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும் சார். இப்போ வார வண்டி கம்ப்யூட்டர்கிட்டதான் பேசுது, அது கம்பெனிக்காரன்கிட்ட மட்டும்தான் பேசுது" என்றார் ஒருநாள். அவருடைய மகன் தொழிற்பயிற்சி முடித்தவர். கணினி கொண்டு பழுதறியவும் தெரிந்தவர். அவருக்கு இல்லாதது திறமை அல்ல, அனுமதி. தந்தை கட்டிய பட்டறையை வைத்திருப்பதா, ஏதாவது ஒரு நிறுவனத்தின் சேவை மையத்தில் சம்பளத்துக்குச் சேர்வதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். வண்ணார்பேட்டை முதல் விக்கிரமசிங்கபுரம் வரை இப்படி எத்தனை பட்டறைகள்! தொழிற்சாலை வருவது வேலைவாய்ப்பு என்றால், இருக்கிற பட்டறைகள் மூடப்படுவது என்ன?

நம் நாட்டில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்ய, சட்டப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றன. நல்ல தொடக்கம், ஆனால் இணையதளம் வேறு, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமை வேறு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கார் திரட்டும் தகவலுக்கு அவை எப்படிப் பொருந்தும் என்று வாங்குபவருக்கு விளக்கிச் சொல்வார் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களையும் அரசு ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வாகனங்களுக்கென 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. அப்பதிவு பெற்றவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. வழக்கமான பதிவிலேயே தொடரும் பழைய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், இருபது ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆகவும் உயர்ந்தது. என் கார் அந்த வரிசையில் நிற்கிறது. மற்றவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு நான் ஏற்படுத்தும் கேட்டுக்கு ஒரு விலை உண்டு என்ற அளவில் அதை ஏற்கிறேன்.

சேர்த்துக் கட்டாதீர்கள்

பாதுகாப்பையும் கட்டுப்பாட்டையும் பிரிக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஹெரால்டு அறிமுகமான அதே 1959-இல், வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் பொலின் உருவாக்கிய மூன்று முனை இருக்கைப் பட்டை கார்களில் வரத் தொடங்கியது. வோல்வோ அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. உலகில் மிக அதிகமான உயிர்களைக் காத்த கார் கருவிகளில் ஒன்று அது. அதற்கு மாதச் சந்தா இல்லை. அணிந்தவர் எங்கே போனார் என்று அது யாரிடமும் சொல்வதில்லை. கிழிந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். ஏபிஎஸ், காற்றுப்பை ஆகியவையும் நிறுவனத்தின் கணினியுடன் பேசாமலேயே உயிரைக் காப்பவை.

எனவே நாம் கேட்க வேண்டியவை மிகையானவை அல்ல. முதலாவது, உயிர்காக்கும் எந்த வசதியும் சந்தாவின் பின்னால் பூட்டப்படக் கூடாது. இரண்டாவது, பழுதறியும் குறியீடுகளும் கையேடுகளும் உதிரிபாகங்களும் நியாயமான விலையில் சுயேச்சையான மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் பயிலும் மாணவர்களுக்கு அவற்றைப் பாடமாக்க வேண்டும். மூன்றாவது, கார் திரட்டும் தகவல் என்னென்ன, யாருக்குச் செல்கிறது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். வேண்டாம் என்பவர் நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். நான்காவது, எத்தனை ஆண்டுகள் மென்பொருள் ஆதரவு உண்டு என்பதை விலைப்பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் அந்த மென்பொருள் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

தமிழ்நாடு நாட்டின் முன்னணி வாகன உற்பத்தி மாநிலங்களுள் ஒன்று. தூத்துக்குடி ஆலைக்கு நிலமும் நீரும் சலுகையும் தரும் அரசு, இந்த நான்கையும் மத்திய அரசிடமும் நிறுவனங்களிடமும் வலியுறுத்தும் தகுதி உடையது. தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இது எளிதில் புரியக்கூடியதே. ஆற்றில் நீர் ஓடுவது மட்டும் போதாது. மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே வயலின் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அடுத்த முறை கார் வாங்கச் செல்பவர்கள் மைலேஜையும் திரையின் அகலத்தையும் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும். இந்தக் காரை எங்கள் ஊர் ஒர்க்ஷாப்பில் சரிசெய்ய முடியுமா? உங்கள் நிறுவனம் நாளை இல்லாமல் போனாலும் இது ஓடுமா? விற்பனையாளரிடம் இன்று விடை இல்லாமல் இருக்கலாம். ஆயிரம் பேர் கேட்டால், விடை சொல்லக்கூடிய காரை யாரேனும் ஒருவர் செய்யத்தான் வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)